பின்கடப்பால் வந்தவர்

பூமணி மிஸ்ஸி காலமான செய்தி எனக்குக் கல்முனைச் சந்தையில் கிடைத்தது. ஒரு கையில் பாதி நிரம்பிய பை, மறு கையில் விலை பேசி முடியாத முருங்கைக்காய்க் கட்டு. தொலைபேசியில் எங்கள் ஊர் நவ்பர் ஹாஜியார் பேசினார். "டீச்சர், மிஸ்ஸி மோசம் போயிட்டா. சுபஹுத் தொழுகைக்குப் புறகு," என்றார். "எந்த மிஸ்ஸி?" என்று கேட்டேன். தாழையாற்றின் இரு கரையிலும் மிஸ்ஸி என்றால் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல.  கடைக்காரர் முருங்கைக்காயை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தார்.

முச்சக்கர வண்டிக்காரரிடம் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பாலத்துக்குப் போகச் சொன்னேன். பாலத்தின் நடுவில் இறங்கி ஆற்றை எட்டிப் பார்த்தேன். மண்ணிறம். ஓரத்தில் கொஞ்சம் பாசி. அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஏன் அதைப் பார்க்கப் போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மிஸ்ஸியின் மகன் நினைவு மலருக்காக "அம்மாவின் சேவையைப் பற்றி இரண்டு பக்கம்" கேட்டிருக்கிறார். இரண்டு பக்கத்தில் அடங்காது; சேவை என்ற சொல்லும் அவருக்குப் பொருந்தாது. சேவை செய்பவர்கள் நேரத்துக்கு வருவார்கள். மிஸ்ஸி ஒரு கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. நான் மட்டக்களப்பில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூட விடுதியில் வளர்ந்தவள். மணி அடித்த பிறகு சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்தால் மதர் எங்களை நின்றபடி சாப்பிட வைப்பார். அந்தப் பழக்கத்தோடு நான், இரு கரையாரும் ஆற்றுக்காக அமைத்த தாழையாற்றுச் சபைக்குச் செயலாளராக இருந்தேன். மிஸ்ஸி அமைப்பாளராக இருந்தார். எங்கள் இருவரையும் ஒரே மேசையில் இருத்தியவருக்குப் பொறுமை இருந்திருக்க வேண்டும், அல்லது குறும்பு இருந்திருக்க வேண்டும்.

அவரை அறியாத இளையவர்களுக்காக ஒரு குறிப்பு. திருமதி பூமணி தென்கரைத் தமிழ்க் கிராமத்தவர். குடும்பநல மருத்துவமாதுவாக, எங்கள் பேச்சில் மிஸ்ஸியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தென்கரை மீனவர் குடும்பங்களிலும் வடகரையில் எங்கள் முஸ்லிம் ஊரின் நெசவுக் குடும்பங்களிலும் அவர் கையில் பிறந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். எங்கள் தெருக்களில் அவருக்குத் தெரியாத வீடு இல்லை. ஆனால் அந்த வீடுகளின் முன்வாசல் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவர் யோசித்துத்தான் சொல்வார். அவர் எப்போதும் வீட்டின் பின்புறமாக, வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விட்டிருக்கும் கடப்பால்தான் வருவார். அங்கேதான் குசினி, கிணறு, பெண்கள். எங்கள் ஊரில் சாயத்தொட்டிகளும் அங்கேதான்.

அந்தத் தொட்டிகளிலிருந்துதான் ஆறு கெட்டது. நூலுக்கு ஏற்றும் சாயமும், சாயம் பிடிக்கப் போடும் காஸ்டிக் சோடாவும், வெளுக்கப் போடும் மருந்தும் கழுவிய தண்ணீரோடு வேலிக்கு வெளியே ஓடி ஆற்றில் விழுந்தன. பெருநாளுக்கு முந்திய வாரங்களில் ஆறு மரூன். சில மாதங்களில் கரும்பச்சை. உடுக்கும் சாரத்துக்கு எந்த நிறத்தில் ஓடர் வந்திருக்கிறது என்பதைப் பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம். மழைக்கு முன் ஆற்றுவாயை மணல் அடைத்துக்கொள்ளும் காலத்தில் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் அப்படியே கிடந்து நாறும். தென்கரையில் இறால் செத்தது. ஆற்றில் இறங்கியவர்களின் கால் வெடித்தது. எங்கள் கரையில் கிணறுகள் நிறம் மாறின. இதை எல்லாரும் கண்டோம். கண்டபிறகும் பல காலம் இரண்டு கரையும் ஒன்றையொன்று திட்டியதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

முதற்கூட்டம் பிரதேச செயலக மண்டபத்தில் நடந்தது. பள்ளிவாசலிலிருந்து ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் தலைவராக ஒரு மரைக்காயர், கோவில் பொறுப்பாளர்களான வண்ணக்கர்மார், மீனவர் சங்கம், விவசாயிகள், சாயப்பட்டறைக்காரர், உத்தியோகத்தர்கள். பட்டறைக்காரர்களின் தலைவர் நவ்பர் ஹாஜியார் முன்வரிசையில் இருந்தார். மீனவர் சங்கத்து வேலுப்பிள்ளை ஒரு கூடையோடு வந்தார். நேராக மேசைக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்தார். செத்த இறால்.

"இந்தா, தின்னுங்க! ஒங்கட சாயத்தில ஊறின இறால். கறிக்குத் தூளும் போடத் தேவல்ல."

"நெல்லு மில்லுக்காரன் உடுற தண்ணி ஒங்கட கண்ணுக்குத் தெரியல்லயா? எங்களையே ஏன் புடிக்கிறயள்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பட்டறைக்காரர் எழுந்தார். கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. எங்கள் பகுதியில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன வரும் என்பதை வயதான எல்லாரும் அறிவோம். உத்தியோகத்தர் ஒருவர் கதவருகே போய் நின்றுகொண்டார்.

அப்போதுதான் மிஸ்ஸி வந்தார். வழக்கம்போலப் பிந்தி. நெற்றியில் வியர்வை, கையில் குடை. மேசையைப் பார்த்தார். இரண்டு இறாலை மீசையில் பிடித்துத் தூக்கினார்.

"இதில எது தமிழ் இறால், எது சோனக இறால் எண்டு ஆராவது பாத்துச் சொல்லுங்க. மறுகா அடிபடலாம்."

 முதலில் சிரித்தவர் வேலுப்பிள்ளைதான். பிறகு எல்லாரும். மிஸ்ஸி சிரிக்கவில்லை. "சிரிச்சது காணும். இதை வெளியில கொண்டு போங்க, டீச்சர் மூக்கைப் பொத்திக்கிட்டு எப்படி எழுதுற?" என்றார். நான் உண்மையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். அதைச் சபையில் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அன்று முடிவானது இதுதான். பட்டறைகளின் கழிவு நீர் ஆற்றில் நேரே விழக்கூடாது. எல்லா வீட்டு வளவிலிருந்தும் ஒரு பொது வாய்க்கால் வெட்டி, ஆற்றங்கரையில் ஒரு தொட்டியில் சேர்த்து, மருந்து போட்டுக் கசட்டைப் படிய வைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் விடவேண்டும். தீர்மானத்தை நான்தான் எழுதினேன். நல்ல தமிழ், ஒரு பிழை இல்லை. பட்டறைக்காரர் அனைவரும் கையொப்பமிட்டார்கள். மரைக்காயர்மார் சாட்சி. அதை வாசித்துப் பார்த்தபோது எனக்கு மிகுந்த திருப்தி.

மாதங்கள் கழித்து மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. முதல் வளவு ஹைருன்னிஸாவுடையது. இயந்திரம் வேலியைத் தொட்டதும் அவர் விளக்குமாற்றோடு வெளியே வந்தார்.

"ஆருட வளவுக்க ஆரு வெட்டுற?"

உத்தியோகத்தர் தாளை நீட்டினார். "இஞ்ச பாருங்க, இது உங்கட புருஷன்ட ஒப்பம்தானே?"

"ஓம். அவர்ட ஒப்பம்தான். அப்ப அவர்ட வளவுக்க போய் வெட்டுங்க."

"அவர்ட வளவு எங்க கிடக்கு?"

"அவர்ட உம்மாட வீடு சாய்ந்தமருதில. அதையும் அவர்ட தங்கச்சிக்குக் குடுத்தாச்சு."

கணவர் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பெக்கோ திரும்பிப் போயிற்று. அடுத்த வளவிலும், அதற்கடுத்ததிலும் இதே கதைதான்.

எங்கள் கரையோரத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். தமிழர்களிலும் அப்படி, எங்களிலும் அப்படி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். இதை அறியாதவர் அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இருக்கவில்லை. தன் மகளுக்கு வீடு எழுதிக் கொடுத்தவர்கள், மனைவியின் வீட்டில் இருந்து வந்தவர்கள், அத்தனை பேரும் ஆற்றைப் பற்றிக் கூடியபோது அதை மறந்தோம். கூட்டம் என்றால் ஆண்கள் என்ற நினைப்பு. வேறு ஊரில் இந்தப் பிழை நடந்தே இருக்காது. அங்கே ஆண்களின் ஒப்பம் போதுமானதாக இருந்திருக்கும்.

மிஸ்ஸி நடுத்தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவர் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசாக இருந்தவர். ஊரின் சீதன உறுதிகளில் பெரும்பகுதி அவர் கையால் எழுதப்பட்டவை. அதை மிஸ்ஸி விட்டுவைக்கவில்லை.

"டீச்சர், நாம மாப்பிள்ளைமார்ட்ட ஒப்பம் வாங்கி வச்சிருக்கிறம். வந்து தங்கியிருக்கிற ஆக்கள். ஒங்கட மனிசன் எழுதின உறுதியெல்லாம் ஆருட பேர்ல?"

"பெண்களின் பேரில்தான்," என்றேன்.

"அப்ப நாம ஆரோட கதைச்சிருக்கோணும்?"

 பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுப் பிள்ளையை நிற்க வைப்பது ஆசிரியையின் தந்திரம். அதை என்மேல் ஒருவர் பிரயோகிப்பது பிடிக்கவில்லை.

அதன்பின் வீடு வீடாகப் போனோம். நான் முன்வாசலால் போவேன். கதிரை துடைத்து வைப்பார்கள், விருந்தினருக்கு எடுக்கும் கோப்பையில் தேநீர் வரும், "யோசிச்சுச் சொல்றம் டீச்சர்" என்று வழியனுப்புவார்கள். மிஸ்ஸி பின்கடப்பால் போவார். நான் தேநீரை முடிப்பதற்குள் பின்னாலிருந்து சிரிப்பும் சண்டையும் கேட்கும். ஹைருன்னிஸாவின் வீட்டில் நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து பின்னால் போனேன். அந்த வளவை முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன். தொட்டியில் கரும்பச்சைச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. ஹைருன்னிஸாவின் விரல்களின் தோல் கணுக்கள்வரை வெடித்திருந்தது.

"என்ட கிணத்துத் தண்ணியில அரிசி களைஞ்சா சோறு ஊதாவா வருகுது மிஸ்ஸி. எனக்கு ஆறு நல்லா வரோணும் எண்டு ஆசை இல்லயா? ஆனா பக்கத்து வளவு ரெண்டாவது புள்ளைக்கு. அதுக்குள்ளால வாய்க்கால் போனா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாக்கள் மூக்கைப் பொத்திக்கிட்டா வருவாங்க?"

"இப்ப மட்டும் என்னகா, ரோசாப்பூவா மணக்குது?" என்றார் மிஸ்ஸி.

"இப்ப நாறுறது ஆறு. அது எல்லாருக்கும் நாறுது. வாய்க்கால் வெட்டினா என்ட புள்ளட வளவு மட்டும் நாறும்."

மிஸ்ஸி வேலியருகே போய்ப் பக்கத்து வளவைப் பார்த்தார்.  பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதுங்க டீச்சர். அவ சொன்னதை அப்படியே முதல்ல எழுதுங்க. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ," என்றார். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது இது: "முன்வாசல்ல நமக்கு மரியாதை குடுப்பாங்க. பயத்தைப் பின்னாலதான் சொல்லுவாங்க."

அடுத்த வாரங்களில் நடந்ததை எந்த அறிக்கையிலும் காண மாட்டீர்கள், ஏனென்றால் அதற்கு நிகழ்ச்சிநிரல் இருக்கவில்லை. வாய்க்கால் எங்கே போகவேண்டும் என்பதைப் பெண்களே நடந்து காட்டட்டும் என்றார் மிஸ்ஸி. ஒவ்வொரு வளவுக்காரியும் தன் வளவில் குச்சி நட்டு, தறியில் மிஞ்சிய நூலைக் கட்டவேண்டும். ஒருவர் முடிக்கும் இடத்தில் அடுத்தவர் தொடங்கவேண்டும். சிவப்பு நூல், நீல நூல், மஞ்சள் நூல். எந்தக் கோடும் நேராக இல்லை. ஒன்று மாமரத்தைச் சுற்றியது. ஒன்று மகளுக்கென்று அளந்து வைத்த அத்திவாரத்தை விலக்கியது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து நேராக்கிக் கட்டினார். அவர் போனதும் பெண்கள் அவிழ்த்துப் பழையபடி கட்டினார்கள். கடைசியில் அவர் தண்ணீர்க் குழாய் வைத்துச் சரிவு பார்த்தார். இரண்டு இடத்தில் மட்டும் தண்ணீர் ஏறாது என்றார். அந்த இரண்டு இடத்திலும் பெண்கள் விட்டுக்கொடுத்தார்கள். மேலே மூடி போடவேண்டும் என்று ஹைருன்னிஸா கேட்டார். அவர்களுக்கு மூடி கிடைத்தது. எனக்குக் கோணல் கோடு கண்ணில் பட்டால் தலைவலி வரும். "இப்படியா ஒரு வாய்க்கால்?" என்றேன். "ஒங்கட கொப்பிக்குள்ள நேராக் கீறுங்க டீச்சர். இது அவங்கட வளவு," என்றார்.

இனி என் விஷயம். வாய்க்கால் முடியும் இடத்தில் தொட்டி வேண்டும். ஆற்றோரத்தில் தாழ்ந்த நிலம் ஒன்றுதான் இருந்தது: எனக்குச் சீதனமாக வந்த தென்னை வளவு. என் மகளுக்கென்று வைத்திருந்தேன். அவள் கொழும்பில் வேலை பார்க்கிறாள்; திரும்பி வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது என் வளவு. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தயாராக இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை நூல்கள் என் வேலிவரை வந்து நின்றன. கடைசி நூல், மரூன் நிறம், என் கடப்பின் தூணில் கட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒரு குச்சியும் நடப்படவில்லை.

கோபத்தோடு மிஸ்ஸியிடம் போனேன். "ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"கேட்டா நீங்க இல்ல எண்டு சொல்லுவீங்க. சொன்ன சொல்லை மாத்த மாட்டீங்க. அதுக்காகத்தான் கேக்கல்ல."

வாழ்நாளில் அதற்கு முன் என்னை இவ்வளவு சரியாக எடைபோட்டவர்கள் மதரும் என் கணவரும்தான். நான் அந்த நூலை அவிழ்க்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டது. மழையில் நனைந்து அதன் சாயம் தூணில் இறங்கியது. மகளிடம் பேசினேன். "உங்கட வளவு உம்மா, உங்கட இஷ்டம்," என்றாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த கூட்டம் ஹைருன்னிஸாவின் கிணற்றடியில் நடந்தது. அங்கே நானே எழுந்து, தொட்டிக்கு என் வளவில் இடம் தருவதாகவும், தென்னைகளைத் தொடக்கூடாதென்றும் சொன்னேன். மிஸ்ஸி மிகவும் ஆச்சரியப்பட்டவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். மோசமான நடிப்பு.

தொட்டி வேலை செய்கிறது. ஆறு சுகமாகிவிட்டது என்று இந்த மலரில் யாராவது எழுதியிருந்தால் தயவுசெய்து நம்பவேண்டாம். பொடி இறால் வந்திருக்கிறது. மணலை மீன் வரவில்லை. ஹைருன்னிஸாவின் சோறு இன்னும் முழு வெள்ளை இல்லை. நெல் மில்களோடு பேச்சு தொடங்கவே இல்லை. வேலை பாதியில் நிற்கிறது. பாதியில் விட்டுப் போனவர்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. இறந்தவர்மேல் வருத்தப்படக்கூடாது என்பார்கள். எனக்கு அது முடியவில்லை.

அவர் கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்கப் போனேன். மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் கேட்டது, "ஆறு என்ன நிறம்?"

"எப்படி இருக்கிறீங்க?" என்றேன்.

"வாற ஆக்கள் எல்லாம் என்ட சுகத்தைக் கேக்காங்க. ஆறு எப்படி எண்டு ஒருத்தரும் சொல்றாங்க இல்ல. பாலத்தால தானே வந்தீங்க?"

பாலத்தால்தான் வந்தேன், ஆற்றின் பக்கம் தலையைத் திருப்பிக் கிறுகிப் பார்க்கவில்லை. "கவனிக்கவில்லை" என்றேன். அவர் கையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகு அவரோடு பேசக் கிடைக்கவில்லை. அதனால்தான் செய்தி கேட்ட அன்று வீட்டுக்குப் போகாமல் பாலத்தில் இறங்கினேன்.

மரண வீட்டில் முன்முற்றம் முழுக்கக் கதிரைகள். உத்தியோகத்தர்கள், சங்கங்கள், மாலைகள். எங்கள் கரைப் பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். அவர்களுக்காக முன்வரிசையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெண்கள் முன்வாசலைப் பார்க்கவே இல்லை. வேலியைச் சுற்றிப் போய்ப் பின்கடப்பால் ஒருவர்பின் ஒருவராக நுழைந்து, குசினிப் பக்கம் அழுதுகொண்டிருந்த தென்கரைப் பெண்களோடு இருந்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். சாய்வில்லாமல் நிமிர்ந்து இருக்கப் பழகியவள். அன்று அந்தக் கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் பாலத்துக்குப் போனேன். சும்மா இருக்க ஏலவில்லை. புத்தகம் எடுத்தால் இரண்டு பக்கத்தில் எழுந்துவிடுவேன். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை ஆறு மரூனாக ஓடியது.

எங்கள் கரையிலிருந்து ஒரு பட்டை இறங்கி, தென்கரையைத் தொடுமளவுக்கு விரிந்திருந்தது. பாலத்தில் வேலுப்பிள்ளை எனக்கு முன்பே நின்றார். "மிஸ்ஸி போய் மண்ணு காயல்ல டீச்சர்," என்றார்.  அவர் கூடையைத் தேடிப் போகுமுன் ஏதாவது செய்யவேண்டும் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. நவ்பர் ஹாஜியாரை அழைத்தேன். "ஹைருன்னிஸாட வளவாலதான் வாய்க்காலை உடைச்சிருக்கு டீச்சர். நீங்க செயலாளர், சபையால ஒரு கடிதம் போடுங்க. கடுமையாப் போடுங்க," என்றார்.

கடுமையான கடிதம் எழுத எனக்குத் தெரியும். மேசையில் இருந்தேன். முகவரியை எழுதினேன். எழுந்து குடையை எடுத்தேன்.

மிஸ்ஸி இல்லாமல், அழைக்காத வீட்டுக்கு நான் போனதில்லை. ஹைருன்னிஸாவின் வீட்டுக்கு இப்போது உயர்ந்த மதிலும் இரும்புக் கேற்றும் இருக்கின்றன. மணியில் கை வைத்தேன். அழுத்தினால் கதிரை வரும், தேநீர் வரும், "யோசிச்சுச் சொல்றம்" வரும். கையை எடுத்துவிட்டு மதிலோரத்துச் சிறு ஒழுங்கையால் சுற்றிப் போனேன். பின்வேலியின் கடப்பு குனிந்துதான் நுழையும் உயரம். என் சேலைத் தலைப்பு கம்பியில் மாட்டிக் கிழிந்தது.

ஹைருன்னிஸா தொட்டியடியில் நின்றார், முழங்கைவரை மரூன். என்னைக் கண்டு திடுக்கிட்டார்.

"என்ன டீச்சர், பின்னால? முன்னால வந்திருந்தா கதிரை போட்டிருப்பன்."

"கதிரை வேண்டாம். ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

அவர் அகப்பைத் தடியைக் கீழே வைத்தார். "ஏசத்தானே வந்தீங்க? ஏசுங்க. அதுக்கு முதல்ல இதைப் பாருங்க." என்னைக் கையில் பிடித்து இழுத்துப் போனார். வாய்க்கால் மூடியின் இடுக்கால் சாயத் தண்ணீர் பொங்கி, பக்கத்து வளவின் புதிய அத்திவாரக் குழிகளில் நிறைந்திருந்தது. இரண்டாவது மகளின் வீட்டுக் குழிகள். "ஒங்கட வளவுத் தொட்டியில கசடு நிரம்பிட்டு. தண்ணி போகாம எனக்குள்ள ஏறுது. என்ட புள்ளட அத்திவாரத்துக்குள்ள! நான் என்ன செய்யிற? உடைச்சு ஆத்துக்க உட்டன். ஓம், நான்தான் உட்டன்."

"பவுசர் லொறி வந்து கசட்டை உறிஞ்சவேண்டுமே? யாரும் கூப்பிடவில்லையா?"

"மிஸ்ஸிக்கு ஃபோன்ல ஒரு கோல் எடுத்தா அவ பவுசரைக் கொண்டு வருவா. அவ ஆஸ்பத்திரிக்குப் போனதில இருந்து ஒருத்தரும் எடுக்கல்ல. நான் எடுத்தன் டீச்சர். மௌத்தான அண்டைக்கும் எடுத்தன், தெரியாம. இப்ப ஆருக்கு எடுக்கிற? சொல்லுங்களன்!"

கத்தித்தான் கேட்டார். கண்ணில் தண்ணீர் இருந்தது, கோபத்தில் வந்ததா என்று தெரியவில்லை. கன்னத்தைத் துடைத்தபோது மரூன் பூசிக்கொண்டது.

"எனக்கு எடு," என்றேன்.

அந்த இடத்தில் நின்றே மாநகர சபையின் பவுசர்ச் சாரதியை அழைத்தேன். மிஸ்ஸியின் கையில் பிறந்தவர்; என்னிடம் ஆங்கிலம் படித்துத் தேறாதவர். "நாளைக்குப் பார்ப்பம் டீச்சர்" என்று தொடங்கினார். வகுப்பில் அவருக்குப் பழக்கமான குரலில் பதில் சொன்னேன். மதியத்துக்குள் வந்தார். கசடு உறிஞ்சி முடியும்வரை நானும் ஹைருன்னிஸாவும் என் தென்னை வளவில் நின்றோம். உடைத்த இடத்தை அவரும் அவர் கணவரும் மாலைக்குள் அடைத்தார்கள். இரவுக்குள் வேலுப்பிள்ளைக்கு நானே சொன்னேன், நடந்ததை நடந்தபடி. "கசடா?" என்றார். "அப்ப மிஸ்ஸி போனதிலதான் நிரம்பிட்டு." பிறகு, "அடுத்த முறை நிரம்ப முதல் சொல்லுங்க, நானும் வாறன்," என்றார். சபையின் சார்பில் கடிதம் எதுவும் அனுப்பப்படவில்லை என்பதை ஹாஜியாருக்கு இதன்மூலம் அறியத் தருகிறேன்.

மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று மகன் கேட்டிருந்தார். பொருளென்று ஒன்றும் இல்லை. அவருடைய பொறுமை எனக்கு வராது, சிரிப்பும் வராது. நான் வைத்துக்கொண்டது அவருடைய பின்கடப்புகளை. எங்கள் தெருவில் எந்த வேலியில் எந்த இடத்தில் குனியவேண்டும், எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கும், எந்தக் கிணற்றடியில் எந்நேரம் ஆள் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். என் முழங்கால்களுக்கு இது விருப்பமில்லை. கிழிந்த சேலைத் தலைப்பைத் தைத்துவிட்டேன், இன்னும் கிழியும்.

இன்று காலை ஆறு மண்ணிறம், மிஸ்ஸி. ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு. கிறுகிப் பார்த்தேன்.

இதை முடிக்க இருக்கையில் தொலைபேசி அடிக்கிறது. ஹைருன்னிஸாவாகத்தான் இருக்கும். குடையை எடுக்கவேண்டும்.